கொடிமரத்தில் அரிப்பு

'அரிப்பு' என்ற சொல்லை மனுவில் போட்டது நான். என் கணவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். துரு என்றே எழுது, துரு என்றால் எல்லாருக்கும் புரியும் என்றார். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு அது பொறுக்கவில்லை. துரு என்பது மேலே தெரிகிற செம்பொடி, உள்ளே நடக்கிற காரியத்துக்குப் பெயர் அரிப்பு, பாடப்புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று வாதாடினேன். வாதத்தில் ஜெயித்தேன். "நமது ஆலயக் கொடிமரத்தின் அடிப்பாகத்தில் ஏற்பட்டுள்ள அரிப்பு குறித்து" என்று மனுவின் முதல் வரியை என் கையால் எழுதினேன். கீழே அவர் ராஜநாயகம் என்று கையெழுத்துப் போட்டார்.

கோவில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவையின் கூட்டத்தில் செயலாளர் ஆஸ்வின் அதை உரக்கப் படித்தான். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன்தான். அந்தச் சொல்லுக்கு வந்ததும் அவனுக்கே சிரிப்பு முட்டியது. பின்வரிசையில் யாரோ, "சொறிஞ்சு விட்டாப் போச்சு" என்றார்கள். அவ்வளவுதான். பங்குத்தந்தைகூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மிச்சமிருந்த பதினோரு வரியை யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் பங்கில் என் கணவருக்கு 'அரிப்பு அண்ணன்' என்று பெயர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "துருன்னு எழுதியிருக்கலாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு சொல்லவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அந்த வசதியையும் அவர் எனக்குத் தரவில்லை.

எங்கள் கோவில் பட்டினப்பாக்கத்தில், கடலுக்கு முந்நூறு அடி தள்ளி இருக்கிற சின்ன அந்தோணியார் கோவில். வாசலில் நாற்பதடி உயரத்துக்கு ஒரு கொடிமரம். பெயர்தான் மரம், இரும்புக் குழாய். ஜூன் ஒன்றாம் தேதி சாயங்காலம் கொடியேற்றம், பதின்மூன்றாம் தேதி திருநாள். கொடி ஏறும்போது கயிற்றைத் தொட்டால் கேட்டது கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. தொடுவது என்றால் விரல் நுனியால் தொடுவதில்லை. நூறு பேர் ஒரே கயிற்றில் தொங்குவார்கள். மரத்தடியில் பாடகர் குழுப் பிள்ளைகள் வெள்ளை உடுத்திக்கொண்டு வரிசையாக நின்று பாடுவார்கள். அந்தப் பிள்ளைகள் தலையில் ஒரு நாள் அது விழும் என்பதுதான் அவர் நாலு வருடமாகச் சொன்னது. வேறெதுவும் அவர் சொல்லவில்லை.

அவர் எண்ணூர்ப் பக்கம் ஓர் எண்ணெய்க் குழாய்க் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் துரு பார்க்கிற வேலை செய்தவர். மைல் கணக்கில் குழாய் ஓரமாக நடந்து, எங்கே கரைகிறது, எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்வதுதான் வேலை. இரும்பு எப்போதும் கணுக்காலில்தான் சாகும் என்பார். மண்ணுக்குள் இறங்குகிற இடம், ஈரமும் காற்றும் சந்திக்கிற இடம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் போகவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தல் கால்களைப் பார்ப்பார். அடையாறு பாலத்தில் பஸ் நின்றால் கைப்பிடிக் கம்பியைப் பார்ப்பார். ஒருமுறை தி.நகரில் புடவைக் கடை மாடிப்படியில் குனிந்து உட்கார்ந்து ஒரு போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மயக்கம் போட்டுவிட்டார் என்று கடைக்காரர்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவரோடு எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

கொடிமரத்துக்குப் பித்தளைக் கவசம் வந்தது எட்டு வருடத்துக்கு முன்னால். ஆஸ்வினின் அம்மா இறந்த வருடம், அவன் அப்பா அவள் நினைவாக, அடியிலிருந்து நாலடி உயரத்துக்குச் செய்துகொடுத்தார். மயிலாப்பூரில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. அந்த ஆசாரி சிவன் கோவில், பெருமாள் கோவில் கொடிமரங்களுக்கெல்லாம் கவசம் அடித்தவர். அவை நிஜமாகவே மரம். பித்தளை போர்த்தினால் அதற்கு ஒரு கேடும் இல்லை. உள்ளே இருப்பது இரும்பு என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? போனவர்கள் எல்லாரும் 'கொடிமரம்' என்றுதான் சொன்னார்கள். தமிழ் வார்த்தைகள் எங்கள் பங்கில் செய்திருக்கிற அநியாயத்துக்கு என்னுடையது மட்டும் காரணமில்லை.

கவசம் கொஞ்சம் தொளதொளவென்று அமைந்துவிட்டது. மேல் விளிம்பில், குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடுக்கு. அதுதான் வினை. செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு உப்பும் மிளகும் காணிக்கை போடுவது வழக்கம். அதுவரை மரத்தடியில் சிமெண்டுத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று அடித்துப் போகும், கூட்டுகிறவர் கூட்டிவிடுவார். இடுக்கு கிடைத்ததும் எல்லாரும் உண்டியலில் போடுகிறமாதிரி உள்ளே போட ஆரம்பித்தார்கள். உள்ளே போட்டால் கூட்டித் தள்ளமாட்டார்கள், சாமியிடமே இருக்கும் என்று ஒரு கிழவி எனக்கு விளக்கினாள். மழை பெய்தால் தண்ணீரும் அந்த வழியாகத்தான் இறங்கும். வெளியே பித்தளை, உள்ளே இரும்பு, நடுவே உப்புத் தண்ணீர், நாலு பக்கமும் கடல் காற்று.

ஒரு மழைக்கு அப்புறம் கவசத்தின் அடியிலிருந்து டிகாஷன் நிறத்தில் ஒரு கோடு வழிந்திருந்ததை அவர் பார்த்தார். மனு எழுதியது அந்த வாரம்தான்.

மனு சிரிப்பாய்ச் சிரித்த பிறகு செய்துகாட்டலாம் என்று கிளம்பினார். இரண்டு கண்ணாடி டம்ளரில் உப்புத் தண்ணீர். ஒன்றில் வெறும் இரும்பு ஆணி. இன்னொன்றில் பித்தளைக் கம்பி சுற்றிய ஆணி. மூன்று வாரம் எங்கள் சமையல் மேடையில் இருந்தன. விருந்தாளி ஒருவர் எலுமிச்சை ஜூஸ் என்று எடுக்கப்போனார். வெறும் ஆணி துருப்பிடித்திருந்தது. பித்தளை சுற்றிய ஆணி அதைவிட மோசமாகக் கரைந்து, தண்ணீரே செங்கல் குழம்பாகிவிட்டது. இரண்டு உலோகம் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு நின்றால் ஒன்றுக்காக இன்னொன்று கரையும், இங்கே கரைவது இரும்பு, பித்தளை பளபளவென்றே நிற்கும், அதனால் வெளியே பார்த்து ஒன்றும் தெரியாது என்று கூட்டத்தில் விளக்கினார். ஆஸ்வின் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது ஆணி அண்ணே, இது நாற்பதடி மரம் என்றான். பிறகு யாருடைய மைத்துனரோ ஓர் இன்ஜினியரை அழைத்துவந்தார்கள். அவர் கவசத்தை முஷ்டியால் தட்டிப் பார்த்தார், மரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை, ஜம்மென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். மே மாதம் வந்தால் குழாய்க்கு வெள்ளி நிறத்தில் பெயிண்ட் அடிப்பார்கள், கவசத்தைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். அதோடு பராமரிப்பு முடிந்தது.

அவர் கேட்டது பெரிய காரியமில்லை. கவசத்தைக் கழற்றிப் பாருங்கள். கெட்டிருந்தால், துத்தநாகத்தில் முக்கியெடுத்த குழாய் போடுங்கள். கரைவதானால் முதலில் துத்தநாகம் கரையட்டும். அடியில் தண்ணீர் தேங்காமல் சிமெண்டைச் சரிவாகப் பூசுங்கள். உப்புக்கு இருபதடி தள்ளி ஒரு கருங்கல் தொட்டி வையுங்கள். உப்புப் போடாதே என்று அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. தள்ளிப் போடு என்றார். ஆனால் 'அரிப்பு அண்ணன் உப்புப் போடக் கூடாதுங்கறார்' என்று பங்கு முழுக்கப் பரவி, அவர் வேறு சபைக்கு மாறிவிட்டார் என்றுகூடப் பேசினார்கள்.

இரண்டாவது வருடத்தில் அவருக்குச் சிறுநீரகம் போயிற்று. வாரத்துக்கு மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, நந்தனத்தில் டயாலிசிஸ். டாக்டர் என்னைக் கூப்பிட்டு முதலில் சொன்னது உப்பு. உப்பு அவருக்கு விஷம் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான் அன்றிலிருந்து வீட்டில் உப்பில்லாமல் சமைத்தேன். எனக்கும் அதேதான். குழம்பு கொதிக்கும்போது கை தானாக உப்பு ஜாடிக்குப் போகும். எடுத்த உப்பைத் திரும்ப ஜாடியில் போட மனசு வரவில்லை. பக்கத்தில் ஒரு மூடி போட்ட டப்பா வைத்து அதில் போட்டேன். அவர் சாப்பிடாத உப்பு. வாரம் முழுக்கச் சேர்ந்து டப்பா நிரம்பும். செவ்வாய்க்கிழமை அவரை டயாலிசிஸில் விட்டால் நாலு மணி நேரம் ஆகும். நான் பஸ் ஏறிப் பட்டினப்பாக்கம் வந்து, டப்பாவில் ஒரு பிடி மிளகைக் கலந்து, கவசத்துக்குள் கொட்டிவிட்டு, பஸ் ஏறித் திரும்பிப் போய் அவரை அழைத்துவருவேன்.

ஆமாம், எல்லாம் தெரிந்துதான். அந்த டம்ளர்களைக் கழுவி வைத்தவளே நான். யார் கேட்டாலும் அவரைவிட நன்றாக விளக்குவேன். ஆனால் டாக்டர் ஒவ்வொரு தடவையும் அவருடைய ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கும்போது, எனக்கு வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. எல்லாரும் போடுகிறார்கள், என் ஒரு டப்பாவில் என்ன ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்லி, நான் ஒத்துக்கொள்ளாத அதே சாக்கு.

ஒரு நாள் சாப்பிடும்போது, கோவிலில் கூட்டுகிறவரிடம் கேட்டு வந்து அவர் சொன்னார், செவ்வாய்க்கிழமை ஆனால் யாரோ ஒரு பைத்தியம் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து கொட்டுகிறது, கவசத்துக்கு மேலேயே வழிகிறது என்று. நான் ரசத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். கிளறுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

போன வருடம் பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை, டயாலிசிஸ் பாதியில் இருக்கும்போது அவர் இதயம் நின்றுவிட்டது. 

முப்பதாம் நாள் பூசை முடிந்து வெளியே வந்தபோது ஆஸ்வின் கைகளைக் கட்டிக்கொண்டு வந்தான். கெட்டவன் இல்லை. அடக்கத்தன்று கடைசி வரை நின்றவன்.

"டீச்சர், அண்ணன் பேர்ல சின்னதா ஒரு நினைவுத் தகடு வைக்கலாம்னு பேரவையில முடிவு பண்ணிருக்கோம்."

"எங்க?"

"கொடிமரத்துலதான் டீச்சர். அவருக்கு அதுமேல உசுராச்சே. பித்தளையில, அழகா. நாலு ஸ்க்ரூ போட்டா நின்னுடும்."

நான் அவனையே பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் கண் கலங்கிக்கூட இருந்தது. "ஆஸ்வின், அந்த நாலு ஸ்க்ரூவையும் உன் மண்டையில அடிச்சாத்தான் உனக்கு ஏறும்" என்றேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் என்னை நகர்த்திக்கொண்டு போனார்கள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அடுத்த கொடியேற்றத்துக்கு முன்னால் அந்தக் கவசத்தைக் கழற்றியாக வேண்டும். உள்ளே நன்றாக இருந்தால் நாலு வருடம் அவர் ஊரை அலைக்கழித்த பைத்தியக்காரர் என்றே ஆகட்டும், எனக்கு நிம்மதி. கெட்டுப்போயிருந்தால் அவர் சரி. ஆனால் கெடுத்ததில் என் கை இருக்கிறது. இரண்டில் எது வந்தாலும் எனக்கு லாபமில்லை என்று தெரிந்தேதான் பங்குத்தந்தையிடம் போனேன்.

திருநாள் முடியட்டும் டீச்சர், முதல் வேலையாகப் பார்த்துவிடலாம் என்றார் அவர். நாலு வருடமாகத் திருநாள் முடிந்துகொண்டேதான் இருக்கிறது ஃபாதர் என்றேன். கவசம் ஒரு குடும்பத்தின் நினைவுப் பொருள், அதில் கை வைத்தால் மனஸ்தாபம் வரும் என்றார். ஏப்ரலில் இரண்டு தடவை போனேன், மே மாதத்தில் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் நாற்காலி போட்டார், காபி கொடுத்தார், சமாதானம் சொன்னார்.

மே கடைசியில் ஒரு நாள் நான் உட்கார்ந்திருக்கும்போது ஜானகி உள்ளே வந்தாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். எங்கள் கோவில்காரி இல்லை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். ஆனால் செவ்வாய் தவறாமல் அந்தோணியாரிடம் வந்துவிடுவாள். மகள் கயலுக்கு மூன்று முறை கலைந்து, நாலாவது நல்லபடியாகப் பிறந்திருக்கிறது. அதற்காகக் கோவில் படி பதினொன்றையும் இளநீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளாம். பங்குத்தந்தை தலையை நிமிர்த்தவேயில்லை. "வேண்டுதலா? செஞ்சுக்கம்மா" என்றார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. ஆணி வைத்து, டம்ளர் வைத்து, மனு எழுதி நாலு வருடம். இவள் வந்து நின்று ஒரு வார்த்தை.

"ஃபாதர், எனக்கும் ஒரு வேண்டுதல் இருக்கு" என்றேன். "கொடிமரக் கவசத்தைக் கழட்டி, உள்ளேயும் வெளியேயும் கழுவித் தொடைச்சுத் திருப்பி மாட்டணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இது எப்ப வேண்டிக்கிட்டது?"

"இப்பதான்."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். வேண்டுதல் என்று வந்துவிட்டால் மறுக்க அவராலும் முடியாது. மறுத்தால் நாளைக்கு அவர் தலையில் எது விழுந்தாலும் அதற்கு அதுதான் காரணம் என்பார்கள். புதன்கிழமை ஒரு நாள், சாயங்காலத்துக்குள் திருப்பி மாட்டிவிட வேண்டும் என்றார். 

வெல்டிங் பட்டறை மண்ணாங்கட்டியை அழைத்துப் போனேன். அவனுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்காததால் வைத்த பெயர்; ஐம்பது வயதிலும் அந்தப் பெயர்தான் அவனைக் காப்பாற்றுவதாக நம்புகிறவன். ஒரு ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்னால் மரத்தின் பாதி உயரத்தில் கயிறு கட்டி மூன்று பக்கமும் இழுத்துப் பிணைக்கச் சொன்னேன். அவர் கூட்டத்தில் சொன்னதையெல்லாம் நான் காதில் வாங்காததுபோலத்தான் உட்கார்ந்திருந்தேன். எப்படியோ எல்லாம் உள்ளே போயிருக்கிறது. 

"இன்னா டீச்சரம்மா, கழுவுறதுக்கு இம்மாங் கயிறா? மாடா கட்டப் போற?" என்றான் மண்ணாங்கட்டி. கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆஸ்வின் சிரித்தான். படியில் ஜானகி இளநீரை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பேர்.

கவசம் இரண்டு பாதியாகக் கழன்றது. உள்ளே இருந்த உப்பு உடனே சரியவில்லை. வார்த்து வைத்த வெல்லம்போல, அதே நிறத்தில், நடுநடுவே மிளகோடு ஒரு சுவராக நின்றது. அப்புறம் ஈரத்தோடு பொத்தென்று விழுந்தது. அதற்குப் பின்னால் இருந்த குழாய் பேக்கரி பப்ஸ்போல ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. மண்ணாங்கட்டி ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகக் குத்தினான். கைப்பிடி வரை உள்ளே போயிற்று. இன்னொரு இடத்தில் குத்தினான். அங்கேயும் போயிற்று.

"அல்லாரும் தள்ளு, தள்ளு" என்றான். குரல் மாறியிருந்தது. "மரம் எதும்மேல நிக்கிதுன்னே தெர்ல. இந்தப் பித்தளை புட்ச்சிக்கினு இருந்துச்சு, அதான் நின்னுக்கினு கீது. கயிறு மட்டும் இல்லாங்காட்டி இன்னிக்கி நம்ம கதை முடிஞ்சிருக்கும்."

ஆஸ்வின் கட்டியிருந்த கையை அவிழ்த்திருந்தான். கொடியேற்றத்துக்கு இன்னும் ஐந்தே நாள்.

அவர் சொன்னது சரியாகப் போய்விட்டது. பார்க்க அவர் இல்லை. இதுவும் அவருடைய பழைய வழக்கம்தான். சிலிண்டர் வருகிற நாள், தண்ணீர் லாரி வருகிற நாள், எதற்கும் சரியாக அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்கமாட்டார். எல்லாவற்றையும் சொல்லி வைத்துவிட்டுப் போய்விடுவார். எதிரே நின்று பதில் சொல்ல வேண்டியவள் நான்.

பேச்சு தொடங்கியதும் அது வேறு பக்கமாகப் போயிற்று. இவ்வளவு உப்பு எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டார். நம்ம ஜனம் ஒரு சிட்டிகைதான் போடும், வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் அளவில்லாமல் கொட்டுகிறார்கள் என்றார் இன்னொருவர். சொல்லிக்கொண்டே எல்லாரும் படியைப் பார்த்தார்கள். ஜானகி தேங்காய் நாரோடு நிமிர்ந்தாள்.

"நானு ஒரு பிடி போட்டுக்கினு போவேன், அம்மாந்தான்" என்றாள். 

"ஒரு பிடியா? செவ்வாய்க்கிழமை டப்பால கொண்டாந்து கொட்டுறதக் கோவில்ல கூட்டுறவங்களே சொல்லிருக்காங்க" என்றான் ஆஸ்வின். அவன் பயந்திருந்தான். அந்தக் கவசத்தில் அவன் அம்மா பெயர் இருந்தது. குற்றம் எங்கேயாவது போய் உட்கார்ந்தால் போதும் அவனுக்கு.

"எங்கிட்ட ஏது டப்பா? முந்தானில முடிஞ்சிக்கினு வருவேன்" என்றாள் ஜானகி. அதை ஒருவரும் கேட்கவில்லை. இனி வெளியாட்களுக்கு உப்புப் போட அனுமதி இல்லை என்று போர்டு வைக்கலாம் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் சரி என்று ஆகிவிட்டது, மரம் விழப்போவதில்லை, என் காரியம் முடிந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். அவருடைய மனைவியே செய்தாள் என்று தெரிந்தால் இன்னொரு பத்து வருடத்துக்கு அவரை வைத்துச் சிரிப்பார்கள் என்பதும் தெரியும்.

"டப்பா என்னுது" என்றேன்.

ஆஸ்வினுக்குப் புரியவில்லை. "என்ன டீச்சர்?"

"நான்தான் கொட்டினேன். ரெண்டு வருஷம். செவ்வாய்க்கிழமை தவறாம. அவர டயாலிசிஸ்ல விட்டுட்டு வந்து கொட்டினேன்."

"நீங்களா? அண்ணன் நாலு வருஷமா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகத் தரையில் கிடந்த உப்பைப் பார்த்தார்கள். தங்களுடையது எந்தக் கட்டியில் இருக்கிறது என்று தேடுவதுபோல இருந்தது. மண்ணாங்கட்டிதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மரத்தை அறுக்கவா வேணாமா, வெயில் ஏறுது என்றான். பங்குத்தந்தை அறு என்றார். துத்தநாகக் குழாய்க்கும் கருங்கல் தொட்டிக்கும் அன்றைக்கே சொல்லிவிடச் சொன்னார்.

கிரேன் வரவழைத்து, கேஸ் கட்டர் வைத்து மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்கினார்கள். ஆஸ்வின் அதைப் பார்க்கவில்லை. கவசத்தின் பாதியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். உள்பக்கம் லேசாகப் பச்சை பூத்திருந்தது, அவ்வளவுதான். அவன் அம்மாவின் பெயர் ஒரு எழுத்துகூட மழுங்கவில்லை. அதைக் கோவிலுக்குள் பீடத்துக்குப் பக்கத்தில், சுவரில் மாட்டிக்கொள்ளலாம், அங்கே அதற்கு ஒன்றும் ஆகாது, அதனாலும் எதற்கும் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். தலையை ஆட்டினான். பிறகு, "பிள்ளைங்க இங்கதான் டீச்சர் நிக்கும். என் பொண்ணு முதல் வரிசை" என்றான். எனக்கு அவனிடம் இன்னும் நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மிச்சம் இருந்தது உப்பு. இரண்டு பிளாஸ்டிக் பக்கெட் நிறைய. அதற்கும் ஒரு தகராறு. காணிக்கை உப்பைச் சாக்கடையில் கொட்டக் கூடாது, செடிக்குப் போட்டால் செடி செத்துவிடும், குப்பை லாரியில் போட்டால் பாவம். கடைசியில் கடலில் கரைப்பது என்று தீர்மானித்தார்கள். யார் கொண்டுபோவது என்றபோது எல்லாருக்கும் வேலை வந்துவிட்டது. நான் ஒரு பக்கெட்டைத் தூக்கினேன். பத்தடி போவதற்குள் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. ஜானகி பின்னாலிருந்து வந்து, என் பக்கெட்டின் பிடியில் ஒரு கையும் இன்னொரு பக்கெட்டில் ஒரு கையுமாக நடந்தாள். முகம் உம்மென்றிருந்தது.

தண்ணீர் ஓரத்தில் பக்கெட்டை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ வேண்டிக்கினது பலிச்சுதா டீச்சர்?"

"பலிச்சிருந்தா நான் எதுக்கு உன்னோட இங்க நிக்கறேன்?"

"என்துது பலிச்சிச்சே" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அப்பொ எந்த உப்பு மரத்தத் துன்னுச்சு? என்துதா, உன்துதா?"

உப்புக்கு அதெல்லாம் தெரியாது என்றேன். பலித்தது, பலிக்காதது எல்லாம் ஒரே வேகத்தில்தான் தின்னும். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பிடிக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. கருங்கல் தொட்டி வைக்கப்போகிறார்கள், அதிலே போடு, மரத்தடியில் போடாதே என்றேன். பார்க்கலாம், சாமி அந்தப் பக்கம் பார்க்குமா என்று யோசனையாக இருக்கிறது என்றாள். 

காற்று கடலிலிருந்து அடித்தது. பக்கெட்டைக் கீழே வைத்து மெதுவாகச் சரி, தூக்கி வீசாதே, நம் மேலேயே வரும் என்று அவளிடம் தெளிவாகச் சொன்னேன். அவள் பக்கெட்டை இடுப்பு வரை தூக்கி, வலை வீசுகிறமாதிரி ஒரு வீச்சு வீசினாள். பாதி உப்பு கடலில் விழுந்தது. மீதி, மிளகும் துருவுமாக, என் புடவையிலும் கண்ணாடியிலும் வந்து ஒட்டியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இரண்டாவது பக்கெட்டை நான் என் பக்கமாக இழுத்துக்கொண்டேன்.